பழைய ஹைலக்ஸ் டபுள் கெப்: எஞ்சினை மாற்றாமல் 10 இலட்சம் கிலோமீற்றர் ஓட்ட இயலுமா?

பரந்தன் வாழைத்தோட்டம்:

வணக்கம். என்னிடம் 1994 ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்று இருக்கிறது. எல்என்106 வகை, 3எல் டீசல் எஞ்சின். 2010 இல் வீதி ஒப்பந்தகாரர் ஒருவரிடமிருந்து வாங்கியபோது மீற்றர் 2 இலட்சத்து 10 ஆயிரம் காட்டியது. இப்போது 7 இலட்சத்து 40 ஆயிரம் காட்டுகிறது. இடையில் மீற்றர் கேபிள் அறுந்து ஏறத்தாழ ஒன்றரை வருடம் அப்படியே கிடந்ததால், உண்மையில் ஓடிய தூரம் அதைவிட 50 ஆயிரமாவது கூடுதலாக இருக்கும்.

வாரத்தில் இரண்டு நாள் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியால் தம்புள்ளைச் சந்தைக்குப் போய்வருகிறேன். போக 180, வர 180 கிலோமீற்றர். மற்ற நாட்களில் தோட்டத்துக்கும் உரக்கடைக்கும் வீட்டுக்குமாக இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓட்டந்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இதை விற்று வேறொன்று வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். 2025 இன் தொடக்கத்தில் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டாலும், புதிய வண்டிக்குச் சொல்லப்படும் விலைக்கு என் தோட்டத்தில் பாதியை விற்க வேண்டியிருக்கும்.

வண்டியின் இப்போதைய நிலை இதுதான். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது அரை நிமிடம்வரை வெள்ளைப் புகை வருகிறது, பிறகு மறைந்துவிடுகிறது. 1,000 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 400 மில்லிலீற்றர் எஞ்சின் ஒயில் குறைகிறது. ரேடியேற்றரில் தண்ணீர் குறைவதில்லை. பாரத்தோடு இழுவையிலும் பெரிய குறை தெரியவில்லை. ஆனால் வழக்கமாகப் பார்க்கும் கராஜ்காரர், எஞ்சின் முடிந்துவிட்டது, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த எஞ்சின் ஒன்றைப் போட்டுவிடலாம் என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. இந்த எஞ்சினோடு 10 இலட்சத்தை எட்டலாம் என்று நினைப்பது பேராசையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்.

சுன்னாகம் பழைய ஸ்பனர்:

தம்பி, புகையைப் பார்த்து எஞ்சினுக்கு நாள் குறிப்பது சாத்திரம் பார்ப்பதற்குச் சமம். முதலில் கம்பிரெஷன், அதாவது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதை, அளந்து பாருங்கள். எஞ்சினைச் சூடாக்கி, பற்றரி முழுச் சார்ஜில் இருக்கையில், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய உள்ளே சூடேற்றும் குளோ பிளக்குகளைக் கழற்றி அந்தத் துளையில் அளவுமானியைப் பூட்டி நான்கு சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலை. நான்கு எண்களும் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தால், அவை புது எஞ்சினைவிடச் சற்றுக் குறைந்திருந்தாலும் இந்த எஞ்சினுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. ஒன்று மட்டும் விலகி நின்றால், எங்கே கை வைக்க வேண்டும் என்பதை அதுவே காட்டிவிடும்.

பாவித்த எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை. அது எத்தனை இலட்சம் ஓடியது, எத்தனை தடவை கொதித்தது என்பது விற்பவருக்கே தெரியாது. உங்கள் எஞ்சினின் பதினைந்து வருடக் கதை உங்களுக்குத் தெரியும். தெரிந்ததைக் கொடுத்துத் தெரியாததை வாங்குவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

நான் கழற்றிய 3எல் எஞ்சின்களில், தேய்ந்து முடிந்துபோனவை மிகக் குறைவு. பெரும்பாலானவை கொதித்துக் கெட்டவை. 2,779 சிசி, சிலிண்டரின் விட்டமும் பிஸ்டனின் ஓட்டமும் 96 மில்லிமீற்றர், டேர்போ இல்லை. கீழ்ப்பகுதி அத்தனை உறுதியானது. ஆனால் ஒருதரம் நன்றாகக் கொதித்துவிட்டால் ஹெட்டில், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பகுதியில், வால்வுகளுக்கு இடையே வெடிப்பு விழும். அதனால் நீங்கள் முதலாவதாகக் காக்க வேண்டியது தண்ணீர்ச் சுற்றைத்தான். நமது வடபகுதியின் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் பொருக்கு ரேடியேற்றர்க் குழாய்க்குள்ளும் படிகிறது. கேத்தலை வாரம் ஒருமுறை தேய்க்கிறோம், ரேடியேற்றரைப் பத்து வருடம் திரும்பிப் பார்ப்பதில்லை. கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். கலப்பதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீரைப் பாவியுங்கள், அவசரத்துக்கு மழைத் தண்ணீர்கூடக் கிணற்றுத் தண்ணீரைவிட நல்லது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் வடித்து மாற்றுங்கள். ரேடியேற்றர் பழைய பித்தளை வகையாக இருந்தால் மேல் தொட்டியைக் கழற்றி, குழாய்களுக்குள் கம்பி விட்டு, அதாவது றொட் அடித்து, துப்புரவு செய்யலாம்.

இன்னொன்று. எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் அடைத்து வைக்கும் வால்வுதான் தேமோஸ்ரற். 'நமது வெக்கைக்குத் தேமோஸ்ரற் தேவையில்லை' என்று சொல்லி அதைக் கழற்றி எறிகிற பழக்கம் இங்கே பல கராஜ்களில் உண்டு. இளம் வயதில் நானும் அதைச் செய்திருக்கிறேன், மறைக்கவில்லை. தேமோஸ்ரற் இல்லாத எஞ்சின் சூடேற நேரமெடுக்கும். சூடேறாத நேரத்தில்தான் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் கூடுதலாகத் தேயும். அதோடு பல டொயோட்டா எஞ்சின்களில் தேமோஸ்ரற்றின் அடித்தட்டே பைபாஸ் வழியை மூடுகிறது. அதைக் கழற்றினால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். குளிர வேண்டும் என்று கழற்றியவர், பாரமேற்றிய நாளில் கொதிப்பதைப் பார்த்துத் தலையைச் சொறிவார். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, பில்ரரோடு சேர்த்து மாற்றுங்கள். 15டபிள்யூ-40 தடிப்புள்ள ஒயில் போதும், விலைகூடிய செயற்கை ஒயில் இதற்குத் தேவையில்லை. டீசல் பில்ரருக்குக் கீழுள்ள நீர்பிரிப்பானின் திருகை மாதம் ஒருமுறை தளர்த்தி அடியில் தேங்கிய தண்ணீரை வடியுங்கள். 2022 இல் எரிபொருள் வரிசையில் நின்று களைத்துப்போய் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியவர்கள் பலர். நீங்களும் அவ்வாறு செய்திருந்தால் சொல்லுங்கள். இந்த எஞ்சினின் டீசல் பம்புக்கு வேறு ஒயில் கிடையாது, உள்ளே ஓடும் டீசலே அதற்கு வழுவழுப்பு. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு குறைவு.

பேசாலை ஐஸ்பெட்டி:

எஞ்சினைப் பற்றி ஸ்பனர் ஐயா சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது சேசிஸ், வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம். மன்னாரிலிருந்து மீன் ஏற்றுகிறேன். என் முதல் ஹைலக்ஸில் எஞ்சின் கடைசிவரை பிழையில்லாமல் ஓடியது; பின் அக்சிலுக்கு மேலே சேசிஸ் வளையும் இடத்தில்தான் துருவேறி முறிந்தது. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பல வருடம் அந்த இடத்தில் சொட்டியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. ஒட்டி ஒட்டி இரண்டு வருடம் ஓட்டினேன். பிறகு பிரித்து விற்றேன்.

நீங்கள் வாழைக்குலை ஏற்றுபவர், உப்புத் தொல்லை குறைவு. இருந்தாலும் வாழைப்பால், ஈரச் சருகு, தோட்டத்துச் சேறு எல்லாம் சேசிஸ் பெட்டியின் வடிகால் துளைகளை அடைத்துவிடும். தண்ணீர் உள்ளே தங்கி உள்ளிருந்தே அரிக்கும், வெளியே பெயின்ற் பளபளப்பாகவே இருக்கும். துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகு துருத்தடுப்புப் பூச்சு அடியுங்கள். பழைய எஞ்சின் ஒயிலை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது றப்பர் புஷ்களிலும் பிரேக் ஹோஸிலும் பட்டால் அவை ஊதிப் பிய்ந்துவிடும், நிலத்துக்கும் கேடு. சிறிய சுத்தியலால் சேசிஸை நெடுகத் தட்டிக்கொண்டு போனால் சத்தமே சொல்லும்: நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மொத்தென்று கேட்கும். எஞ்சினில் பணம் போடுவதற்கு முன்னர் இதைச் செய்யுங்கள்.

வெள்ளவத்தை டீசல்:

10 இலட்சம் பேராசை அல்ல. அமெரிக்காவின் லூசியானாவில் ஒருவர் 2007 ஆம் ஆண்டு டொயோட்டா டன்ட்ரா பிக்கப்பை ஒன்பது வருடத்தில் 10 இலட்சம் மைல், அதாவது ஏறத்தாழ 16 இலட்சம் கிலோமீற்றர், ஓட்டினார். எஞ்சினும் கியர் பொக்ஸும் முதலில் வந்தவையே. 2016 இல் டொயோட்டா அந்த வண்டியை ஆராய்வதற்காக எடுத்துக்கொண்டு அவருக்குப் புதியதொன்றைக் கொடுத்தது. ஆனால் அந்தக் கணக்கை அப்படியே நமக்குப் பொருத்திவிடக் கூடாது. அது பெற்றோல் வி8. வருடத்துக்கு ஒன்றே முக்கால் இலட்சம் கிலோமீற்றர் ஓடிய வண்டியின் எஞ்சின் குளிர்ந்து கிடந்த நேரமே குறைவு. உங்கள் வண்டியைத் தேய்ப்பது தம்புள்ளைப் பயணம் அல்ல, உரக்கடைக்குப் போகும் இரண்டு கிலோமீற்றர். முடிந்தால் அதற்கு ஒரு மோட்டார் சைக்கிளைப் பாவியுங்கள்.

நான் எழுத வந்தது வேறொன்று. மீற்றர் கேபிள் ஒன்றரை வருடம் அறுந்து கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. இந்த எஞ்சினில் வால்வுகளைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட்டை 1 இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டாஷ்போர்ட்டில் அதற்கென்று எரியும் சிவப்பு விளக்கு மீற்றர் ஓடிய கணக்கைப் பார்த்துத்தான் எரியும். மீற்றர் நின்றால் அதன் கணக்கும் நிற்கும், பெல்ட் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். அந்த விளக்கை நம்பித்தான் நான் ஏமாந்தேன். கேகாலைக்குப் பக்கத்தில் ஏற்றத்தில் பெல்ட் அறுந்து, பிஸ்டன் மோதி வால்வுகள் வளைந்து, ஹெட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? நினைவில்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பரந்தன் வாழைத்தோட்டம்:

அனைவருக்கும் நன்றி. பதில் எழுதப் பத்து நாள் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

கம்பிரெஷன் அளந்தோம். சதுர சென்ரிமீற்றருக்கு 27, 26, 27 கிலோ. நான்காவது சிலிண்டர் மட்டும் 22. தேமோஸ்ரற் இருந்த இடத்தில் அது இல்லை; எந்தக் காலத்தில் யார் கழற்றியதோ தெரியாது. நான்கு குளோ பிளக்கில் ஒன்று வேலை செய்யவில்லை. மண்ணெண்ணெய் கலந்தது உண்மைதான் ஐயா, 2022 இல் மூன்று தடவை. சேசிஸைத் தட்டிப் பார்த்தேன். இடதுபக்கப் பின் ஸ்பிரிங் தாங்கிக்கு அருகில் ஓரிடம் மொத்தென்று கேட்கிறது, மற்ற இடமெல்லாம் சுகம். டைமிங் பெல்ட் 2019 இல் மாற்றியதாக நினைவு, எழுதி வைக்கவில்லை.

சுன்னாகம் பழைய ஸ்பனர்:

முதல் மூன்று எண்களையும் பார்த்தால் உங்கள் கராஜ்காரர் சொன்னது பிழை என்று தெரிகிறது. நான்காவதை இன்னும் ஒருபடி சோதிக்க வேண்டும். அந்தச் சிலிண்டருக்குள் சிறிதளவு எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாமல் அப்படியே நின்றால் வால்வு சரியாக மூடவில்லை. என் ஊகம் வால்வு என்பதே. இந்த எஞ்சினில் வால்வுக்கும் அதை அழுத்தும் கேம் தண்டுக்கும் உள்ள இடைவெளியைச் சிம் எனும் உலோகத் தட்டை மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். திருகிச் சரிசெய்யும் ஏற்பாடு இல்லாததால் பலர் அதைத் தொடுவதே இல்லை. வால்வு அமரும் இடம் தேயத் தேய வால்வு மேலே ஏறி இடைவெளி குறையும்; அது அற்றுப்போனால் வால்வு முழுதாக மூடாது. டக் டக் என்று சத்தம் போடும் வால்வு பயமில்லை, அது மூடுகிறது என்று அர்த்தம். சத்தமே போடாத பழைய எஞ்சினைத்தான் நான் சந்தேகிப்பேன்.

ஒயில் குறைவதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஒல்ரனேற்றரின் பின்னால் பிரேக்குக்கான வாக்குவம் பம்பு பூட்டியிருக்கும். அதற்கு எஞ்சின் ஒயில் ஹோஸ் வழியாகப் போகிறது. அங்குள்ள சீல் போனால் ஒயில் ஒல்ரனேற்றருக்குள் கசிந்து, ஓட்டத்தில் காற்றோடு போய்விடும், நிலத்தில் சொட்டு விழாது. கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

பரந்தன் வாழைத்தோட்டம்:

ஐயா, ஒயில் விட்டு அளந்தபோது 22 என்பது 23 ஆனது, அவ்வளவுதான். நான்காவது சிலிண்டரின் புகை வெளியேறும் பக்க வால்வில் இடைவெளி அறவே இல்லை. சிம் தட்டு, கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையிலிருந்து வந்து சேர நான்கு நாள் எடுத்தது. மாற்றியபின் 25 காட்டுகிறது. ஒல்ரனேற்றரின் வால்பகுதி கை வழுக்கும் அளவுக்கு நனைந்திருந்தது, சீல் மாற்றினோம். தேமோஸ்ரற்றும் குளோ பிளக்கும் புதிது. இரண்டு தம்புள்ளைப் பயணம் போய் வந்த கணக்கில் ஒயில் குறைவு பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. காலைப் புகை இன்னும் இருக்கிறது, ஆனால் கேற்றைத் திறந்துவிட்டு வருவதற்குள் நின்றுவிடுகிறது.

அடுத்த செவ்வாய் டைமிங் பெல்ட். அதோடு வேறு எதை மாற்ற வேண்டும்?

சுன்னாகம் பழைய ஸ்பனர்:

பெல்ட்டை இறுக்கும் ஐட்லரையும் அதன் ஸ்பிரிங்கையும் மாற்றுங்கள்; முன்பக்கக் கேம் சீல், கிராங்க் சீல் எனும் இரு ஒயில் தடுப்பு வளையங்களையும் கூடவே மாற்றுங்கள், பெல்ட்டில் ஒயில் பட்டால் 1 இலட்சம் கணக்கு செல்லாது. மாற்றிய திகதியையும் மீற்றர் எண்ணையும் மூடியின் உட்புறத்தில் பெயின்றால் எழுதி வையுங்கள். செவ்வாய்க்கிழமைவரை தம்புள்ளைக்குப் போக வேண்டாம். கழற்றிய பழைய பெல்ட்டை எறியாமல் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், பல்லடியில் வெடிப்பு எவ்வளவு என்று பார்க்க எனக்கும் ஆசை.