மறித்தவர்களும் மாட்டிக்கொண்டவர்களும்: தருமபுரி, கிருஷ்ணகிரி மறியல் அனுபவங்கள்

கண்டக்டர் (ஓய்வு), தருமபுரி

டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெரும்பாலும் பென்னாகரம், பாலக்கோடு ரூட்டுகள். எங்கள் வண்டியை மறித்த ஊர்களைச் சொல்ல ஆரம்பித்தால் பாதி மாவட்டம் வந்துவிடும். ‘அரசுப் பேருந்தைச் சிறைபிடித்துப் பொதுமக்கள் போராட்டம்’ என்று மறுநாள் பேப்பரில் நாலு வரி வரும். வண்டிக்குள் இருந்தவர்கள் கதை அதில் இருக்காது. அதனால்தான் இந்தப் பேச்சைத் தொடங்குகிறேன். மறித்தவர்களும் எழுதுங்கள், மாட்டிக்கொண்டவர்களும் எழுதுங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம்.

முதலில் என் பங்கு. ஒரு நாள் காலை முதல் சிங்கிள், அதாவது முதல் நடை. வழியில் ஓர் ஊர் நிறுத்தத்தில் கூட்டம் ரோட்டிலேயே நிற்கிறது. சாயங்கால பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருட்டில் நடந்து வருகிறார்கள் என்று கோரிக்கை. நியாயமானதுதான். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் பீடி பற்ற வைத்தால், இப்போதைக்கு முடியாது என்று அர்த்தம். அன்றைக்குப் பற்ற வைத்தார்.

வண்டியில் ஒரு பெரியவர் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குச் சாக்கில் கூடு கொண்டுபோகிறார். கூட்டைச் சாக்கில் அடைத்து வெயிலில் வைத்திருக்க முடியாது. புழுங்கும், எடை இறங்கும். நேரம் தவறினால் அன்றைய ஏலமும் போச்சு. அவர் சாக்கின் வாயை அவிழ்த்து, கையை உள்ளே விட்டுச் சூடு பார்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. மறித்தவர்களில் ஒருவரிடம், “ஏம்ப்பா, உங்க ஊருக்கு ஒழுங்கா வர்ற வண்டியே இது ஒண்ணுதான், இதைப் போய்ப் பிடிச்சிருக்கீங்களே” என்றேன். “வராத பஸ்ஸை எப்படிங்க பிடிக்கிறது? வர்றதைத்தானே பிடிக்க முடியும்” என்றார். என்னிடம் பதில் இல்லை.

அதிகாரி வந்தார், பேசினார், மறுவாரமே சாயங்கால நடை திரும்ப வந்தது. மறியல் பலித்தது என்றுதான் அந்த ஊர் இன்றைக்கும் சொல்லும். ஆனால் டிப்போவில் புதிதாக வண்டி ஒன்றும் முளைக்கவில்லையே. வேறு ரூட்டில், ரோட்டுக்கே வந்து நிற்காத ஒரு சின்ன ஊரின் சிங்கிளைக் கட் பண்ணித்தான் இங்கே கொடுத்தார்கள். சத்தம் போட்ட ஊருக்குக் கிடைத்தது, சும்மா இருந்த ஊரிடமிருந்து போனது. வண்டி மாட்டிக்கொண்ட எரிச்சலெல்லாம் அன்றோடு சரி, இதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மகளிர் குழு உறுப்பினர், பென்னாகரம் பக்கம்

கண்டக்டர் அண்ணா, நான் மறித்தவள். காலிக்குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தவள். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊருக்கே தெரியும். பிள்ளைகள் பல்லில் காவி படிந்திருக்கும், வயதானவர்களுக்கு மூட்டு மடங்காது. அதற்காகத்தான் ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் தொடங்கி வைத்தார்கள். நல்ல திட்டம், பொய் சொல்லக் கூடாது. ஆனால் குழாயின் கடைசியில் இருக்கிற ஊருக்கு வாரக்கணக்கில் தண்ணீர் ஏறாது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸுக்குப் போவோம். வாசலிலேயே போலீஸ் பையைத் திறந்து பார்க்கும், யாராவது மண்ணெண்ணெய் கொண்டுவந்திருக்கிறார்களா என்று. மனுவைக் கொடுத்தால் ரசீது கொடுப்பார்கள். அந்த மனு சுற்றிச் சுற்றி, யார் மேல் புகார் சொன்னோமோ அவர் மேஜைக்கே ‘தக்க நடவடிக்கைக்கு’ என்று வரும். என் பீரோவில் அந்த ரசீதுகளை ஒரு கட்டாகவே வைத்திருக்கிறேன்.

அதற்கப்புறம்தான் ரோட்டுக்கு வந்தோம். வந்ததிலும் ஒரு ஒழுங்கு உண்டு. பிளஸ் டூ பரீட்சை நாளா என்று பார்த்துக்கொள்வோம். குடத்தை வரிசையாக ரோட்டின் குறுக்கே வைத்துவிட்டு நாங்கள் புளியமர நிழலில் உட்காருவோம். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் இரண்டு குடத்தை எடுத்தால் போதும், வழி ஆகிவிடும். குடித்துவிட்டு வருகிற ஆண்களை முதல் வேலையாக வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். கல் எடுப்பது யார் என்று எங்களுக்குத் தெரியாதா?

எந்த மனுவுக்கும் வராத அதிகாரி, குடம் வைத்த ஒரு மணி நேரத்தில் ஜீப்பில் வருகிறார். இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? ரோட்டை மறித்தால்தான் தண்ணீர் வரும் என்று ஆபீஸ்தான் பாடம் நடத்தியிருக்கிறது.

ஓசூர் கம்பெனி ஊழியர், கிருஷ்ணகிரி

அக்கா சொல்கிற மறியல் வேறு, நான் பார்த்தது வேறு. 2023 பிப்ரவரி 2, கோபசந்திரம். எருது விடும் விழாவுக்கு அனுமதி கிடைக்கவில்லை என்று காலையிலேயே கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையில் இறங்கிவிட்டார்கள். பெங்களூருக்குப் போகிற வண்டி, சென்னை, சேலம் போகிற வண்டி எல்லாம் மைல்கணக்கில் நின்றன. அப்புறம் கல்வீச்சு, கண்ணீர்ப்புகை. எங்கள் ஸ்டாஃப் பஸ் பின்னால் எங்கோ நின்றது. பெங்களூரில் ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் என்று ஒரு குடும்பம் காரைவிட்டு இறங்கி நின்று யாருக்கோ போன் பண்ணிக்கொண்டே இருந்தது. எங்களுக்கு அரை நாள் சம்பளம் போனது, அது பெரிய விஷயமில்லை.

கடைசியில் விழாவுக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆக, மறியல் ஜெயித்தது. எனக்கும் மாடு விடுவது பிடிக்கும், எங்கள் தாத்தா வீட்டில் எருது இருந்தது. ஆனால் அனுமதி கொடுக்காதவர் கலெக்டர் ஆபீஸில் இருக்கிறார், அடிபட்டது ரோட்டில் போனவன். கல் வீசியதற்கு வழக்கு விழுந்தால் அது விழாக் கமிட்டிப் பெரியவர்கள் மேல் மட்டுமா விழும்? வீடியோவில் முகம் தெரிகிற இருபது வயதுப் பையன் மேலும்தான் விழும். கம்பெனியில் சேர போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்பார்கள். அந்த வயதில் ஒரு எஃப்.ஐ.ஆர். என்றால் என்ன என்று ஓசூரில் வேலை தேடியவர்களுக்குத் தெரியும்.

ஆசிரியர், தருமபுரி

தம்பி சொன்ன தேதியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அதே பிப்ரவரி 2, ஆனால் 2000. இலக்கியம்பட்டி.

கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று செய்தி வந்ததும் அன்று பஸ் மறியல். கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் சுற்றுலா வந்த பஸ் அதில் மாட்டியது. தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் கருகிச் செத்தார்கள். 2007-இல் சேலம் நீதிமன்றம் மூன்று பேருக்குத் தூக்கு விதித்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம், கூட்டத்தின் வெறியில் நிதானம் இழந்து செய்தது என்ற கோணத்தில் பார்த்து ஆயுளாகக் குறைத்தது. 2018-இல் விடுதலை. தருமபுரி என்றாலே வெளியூரில் அதைத்தான் கேட்பார்கள். பல வருடம் கேட்டார்கள்.

நான் வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகளிடம் ஒன்று கேட்பேன்: அன்றைக்கு அவர்கள் என்ன கோரிக்கை வைத்தார்கள்? யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் இல்லை. தண்ணீர் வேண்டும் என்றால் தண்ணீர் விட ஒரு ஆள் இருக்கிறார். பஸ் வேண்டும் என்றால் டிப்போ இருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்பை மாற்றித் தரச் சொல்லி இலக்கியம்பட்டி ரோட்டில் யாரிடம் கேட்பது? கொடுக்க ஆளே இல்லாத இடத்தில் நடக்கிற மறியல் தலைவர் கண்ணில் படுவதற்கு மட்டும்தான். அது எங்கே போய் நிற்கும் என்று மறிப்பவனுக்கே தெரியாது.

விவசாயி, ராயக்கோட்டை

நாங்கள் தக்காளியை ரோட்டில் கொட்டுகிறவர்கள். விலை விழுந்தால் பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும்கூடத் தேறாது, கிரேட்டோடு கவிழ்த்துவிட்டுப் போவோம். மார்க்கெட் மூலையில் கொட்டினால் மாடுதான் வரும், ரோட்டில் கொட்டினால் டிவிக்காரர் வருவார். படம் வரும், மறுநாள் விலை அதேதான். நடுவில் பைக்கில் வருகிறவன் வழுக்கி விழுந்தால் அந்தப் பாவம் வேறு.

2025-இல் பெங்களூரா மாங்காய்க்குக் கிலோ நாலைந்து ரூபாய் என்று விலை போனபோது கிருஷ்ணகிரி முழுக்கப் போராட்டம். அப்போதும் நான் சொன்னேன்: விலை சொல்கிற கூழ் ஆலை கேட்டுக்கு முன்னால், கலெக்டர் ஆபீஸுக்கு முன்னால் கொட்டுங்கள், ஊர்க்காரன் போகிற ரோட்டில் வேண்டாம் என்று. கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆலை கேட்டில் நின்றால் அடுத்த வருஷம் நம் சரக்கை இறக்க மாட்டான் என்று பயம். ரோட்டில் போகிறவன் நம்மை ஒன்றும் செய்ய மாட்டான் இல்லையா, அதனால் அவனை மறிப்பது சுலபம்.

அரூர் பக்கம், வயது எழுபதுக்கு மேல்

எல்லாரும் மறியலால் பயனில்லை என்கிற மாதிரி எழுதுகிறீர்கள். 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் நடத்திய ஒரு வார மறியலைப் பார்த்தவன் நான். மரத்தை வெட்டி ரோட்டில் போட்டார்கள், வட தமிழ்நாடே நின்றது. அந்தப் போராட்டத்தில் 21 பேர் செத்தார்கள். 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத இடஒதுக்கீடு வந்தது, நூற்றுக்கும் மேற்பட்ட சாதிகளுக்கு. என் பேத்தி இன்று அரசு வேலையில் இருக்கிறாள். மனு கொடுத்தே இது வந்திருக்கும் என்று யாராவது நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

கண்டக்டர் (ஓய்வு), தருமபுரி

ஐயா, மறுக்கவில்லை. அது பக்கத்து ஊரின் சிங்கிளைப் பிடுங்கி வாங்கியதில்லை, சட்டத்தையே மாற்ற வைத்தது. ஆனால் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2012 நவம்பர் 7, நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் உள்ளிட்ட காலனிகள். அன்றைக்கும் மறியல், அன்றைக்கும் மரத்தை வெட்டி ரோட்டில் போட்டார்கள். ஒரு சாதி மறுப்புத் திருமணத்துக்காகத் தலித் மக்களின் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. 1987-இல் மரம் வெட்டியது அரசாங்கம் நம்மிடம் வரவேண்டும் என்று. 2012-இல் வெட்டிப் போட்ட மரம் போலீஸையும் தீயணைப்பு வண்டியையும் வரவிடாமல் வைத்தது. மறியல் என்ற ஒரே பேரில் இரண்டையும் சேர்த்துப் பேச எனக்கு மனசு வரவில்லை.

வழக்கறிஞர், ஓசூர்

சட்டம் சுருக்கமாக. டெல்லி ஷாஹீன் பாக்கில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்த வழக்கில் 2020 அக்டோபர் 7-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: போராட உரிமை உண்டு, பொதுப்பாதையைக் காலவரையில்லாமல் அடைக்க உரிமை இல்லை. இப்போது மறியலுக்குப் போடுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 126, 189 பிரிவுகள். கல் விழுந்தால் பொதுச்சொத்துச் சேதச் சட்டமும் சேரும். குடம் வைத்த பெண்களை மண்டபத்தில் உட்காரவைத்துச் சாயங்காலம் அனுப்புவார்கள். கல் எடுத்தவன் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடப்பான்.

எரிகா செனோவெத், மரியா ஸ்டீஃபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை உலகில் நடந்த 323 பெரிய போராட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். வன்முறை இல்லாதவற்றில் 53 சதவீதம் ஜெயித்தன, ஆயுதம் எடுத்தவற்றில் 26. ஆனால் அவை ஆட்சியை மாற்றவும் அந்நியரை வெளியேற்றவும் நடந்த போராட்டங்கள். குடிநீர்க் குழாய்க்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை. 2018-இல் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி விவசாயிகள் வீட்டில் கறுப்புக்கொடி கட்டினார்கள், நில எடுப்புக்கு அளவுக் கல் நட வந்தவர்களைத் தங்கள் வயலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்டார்கள், வழக்கும் போட்டார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் புது அறிவிப்பு போடலாம் என்று வழிவிட்டது, இருந்தும் சாலை இன்னும் வரவில்லை. அவர்கள் மறித்தது தங்கள் நிலத்துக்குள் வந்தவர்களை, வழியில் போனவர்களை இல்லை.

மகளிர் குழு உறுப்பினர், பென்னாகரம் பக்கம்

கண்டக்டர் அண்ணா முதலில் எழுதினீர்களே, பக்கத்து ஊரின் சிங்கிளைக் கட் பண்ணிக் கொடுத்தார்கள் என்று. தண்ணீரிலும் அதேதான். நாங்கள் குடம் வைத்த அன்று சாயங்காலமே தண்ணீர் வந்தது. கீழ்த்தெரு தாண்டி இருக்கிற காலனிப் பக்கத்து வால்வை மூடிவிட்டு எங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார் டேங்க் ஆப்பரேட்டர். காலனிப் பெண்கள் மூன்றாம் நாள் அதே புளியமரத்தடியில் குடத்தோடு வந்து உட்கார்ந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர்களுக்கு எங்கள் மேல் கோபம், எங்கள் ஆண்களுக்கு அவர்கள் மேல் கோபம். அதிகாரிக்கு என்ன, இரண்டு ஊரும் அடித்துக்கொண்டால் அவர் ஜீப்பில் ஏறிப் போய்விடலாம்.

அதனால் இந்த வருஷம் ரோட்டுக்குப் போகவில்லை. இரண்டு ஊர்ப் பெண்களும் சேர்ந்து ஒன்றிய ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தோம். பஸ் எதுவும் நிற்கவில்லை, பேப்பரில் ஒரு வரிகூட வரவில்லை. உள்ளே இருந்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே போக எங்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது, அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. காலனிக்குத் தனி டேங்க் என்று எழுத்தில் வாங்கியிருக்கிறோம். தூண் எழும்பி நிற்கிறது, மேலே தொட்டி இன்னும் கட்டவில்லை. கான்ட்ராக்டர் பில் பாஸாகவில்லை என்கிறார்கள். இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம் என்று பேசி வைத்திருக்கிறோம். அப்புறம் ஆபீஸா ரோடா என்பதில் எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை தீரவில்லை.