பதில்: ஷெல்டர்வுட்டுக்கு ‘காப்புமர வெட்டு’ வேண்டாம், ‘பந்தல்வெட்டு’ இருக்கட்டும்

> ‘காப்புமர வெட்டு’ என்றே வைத்துவிடலாமே. கருத்து நேராக வந்துவிடுகிறது.

நேராக வரவில்லை ஐயா, என் தகராறே அதுதான். ஷெல்டர்வுட் (shelterwood) என்பது முதிய மரங்களைத் தவணை முறையில் வெட்டி, அவற்றின் நிழலில் புதுக் கன்றுகளை எழவிடும் காடுவளர்ப்பு முறை. அதற்குத்தான் இங்கே தமிழ்ச்சொல் தேடுகிறோம். தமிழ்நாட்டில் காப்புக்காடு என்றால் சட்டம் காக்கும் காடு. ‘காப்புமரம்’ என்று படிக்கிற மாணவர் அதைக் கோடரி படக்கூடாத மரம் என்றுதான் எடுத்துக்கொள்வார். இந்த முறையில் நிற்கிற மரங்களோ கடைசியில் வெட்டப்படுவதற்கென்றே நிற்பவை.

முற்றுவெட்டில் காடு ஒரே மூச்சில் மொட்டையாகிறது. விதைமர முறையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மரங்களை விட்டுவைப்பார்கள். அவை விதை தரும், நிழல் பேருக்குத்தான். ஷெல்டர்வுட்டில் விடப்படும் மரங்களுக்கு இரண்டு வேலை. விதை உதிர்க்க வேண்டும். முளைத்த கன்றை வெயிலிலிருந்தும் உறைபனியிலிருந்தும் மறைக்கவும் வேண்டும். கன்று தேறத் தேற, மேலே நிற்பவற்றைத் தவணை முறையில் இறக்குவார்கள். கடைசியில் எழுவது ஏறத்தாழ ஒரே வயதுக் காடு. கலப்புக் காட்டில் இந்தத் தவணைதான் எல்லாம். ஐரோப்பாவின் பீச் கன்று நீண்ட நாள் நிழலில் காத்திருக்கும், ஓக் கன்று காத்திருக்காது. வெட்டுவதில் பிந்தினால் ஓக் மாய்ந்து பீச் மட்டும் மிஞ்சும்.

கோவை நண்பர் முன்மொழிந்த ‘குடைவெட்டு’ நல்ல முயற்சி. ஜெர்மானியரும் இதைக் குடை என்ற பொருளில் ‘ஷிர்ம்ஷ்லாக்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் தமிழில் குடைவரைக் கோயில் முந்திக்கொண்டு நிற்கிறதே! குடைவெட்டு என்றதும் யாரோ பாறையைக் குடைகிற ஓசைதான் காதில் விழுகிறது. தவிர, குடையை ஒரே மடக்கில் மடக்கிவிடலாம், இந்த மரங்களையோ தவணையாகத்தான் இறக்க வேண்டும். ‘நிழல்மரம்’ என்று வைக்கலாமென்றால், அச்சொல்லை இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன.

போன ஆனியில் திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவில் கத்தரிக்கு நாற்றுமேடை போட்டேன். நான்கு கம்பு நட்டு மேலே கிடுகு, அதாவது பின்னிய தென்னோலை. நாற்று நாலைந்து இலை விட்டதும் அவசரப்பட்டு அத்தனை கிடுகையும் ஒரே காலையில் இழுத்துப் போட்டுவிட்டேன். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வேறு. மறுநாள் மாலைக்குள் இலைகள் ஓரம் சுருண்டு, தொட்டால் நொறுங்கின. வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வளவு அம்மா பார்த்துவிட்டு, “ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்திருக்க வேண்டும், தம்பி” என்றார். ஷெல்டர்வுட்டின் இலக்கணத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஆகவே என் முன்மொழிவு ‘பந்தல்வெட்டு’.

பந்தல் என்றால் கலியாணமும் புடலங்கொடியும் நினைவுக்கு வரும் என்பீர்கள். வரட்டும். கலியாணப் பந்தலும் வேலை முடிந்ததும் பிரிக்கப்படுவதுதான். புடலம் பந்தல் கொடியைத் தாங்குவது. அந்த மயக்கம் ‘வெட்டு’ என்று ஒட்டியதும் தீர்ந்துவிடும். இலங்கையில் 1990 முதல் இயற்கைக் காடுகளில் மரம் அறுப்பு நிறுத்தப்பட்டுவிட்டதால், பாலையும் வீரையும் முதிரையும் கலந்து நிற்கும் எங்கள் பக்கக் காட்டில் இச்சொல்லை யாரும் கோடரியோடு சோதிக்கப் போவதில்லை. பாடநூலில் விளங்கினால் போதும். (பெயர் விஷயத்தில் எங்களுக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு: சாவண்டலை மரம் உலகச் சந்தையில் ‘திருகோணமலை மரம்’ என்ற பெயரில்தான் அறியப்பட்டது.)

கட்டங்களுக்கும் பெயர் வேண்டும். முதலாவது ‘ஆயத்தவெட்டு’, இதில் யாருக்கும் மறுப்பு இராது. கடைசியில் தாய்மரங்களை இறக்குவது ‘பந்தல்பிரிப்பு’. விதை விழ இடம் திறக்கும் நடுக்கட்டத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். ‘விதைவெட்டு’ என்றால் உருளைக்கிழங்கு விதைக்கிழங்கைத் துண்டு போடுவது போலிருக்கிறது. ‘விதைப்புவெட்டு’ என்றால் மனிதர் விதைப்பதாக ஆகிவிடுகிறது. இங்கே விதைப்பது மரம். ‘உதிர்வெட்டு’ என்று ஒன்று தோன்றுகிறது, பாதி மனதோடுதான் எழுதுகிறேன். வவுனியா நண்பர் என்ன சொல்கிறார்?