'சேவ்' என்பது சேமி, 'ஸ்டோர்' என்பது?

அனைவருக்கும் வணக்கம்.

கணினிச் சொற்களான 'சேவ்', 'ஸ்டோர்' இரண்டுக்குமே தமிழில் 'சேமி' என்று எழுதிவருகிறோம். அதனால் கையேடுகளில் "சேமித்த கோப்பு வட்டில் சேமிக்கப்படும்" போன்ற வாக்கியங்கள் வந்து விழுகின்றன. எது பயனர் செய்வது, எது கணினி செய்வது என்று படிப்பவருக்குப் புரிவதில்லை. 'சேமி'யை 'சேவ்' என்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, 'ஸ்டோர்' என்பதற்கு 'இருத்து' என்று வழங்கலாம் என முன்மொழிகிறேன்.

'சேவ்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த சொல். அதன் மூலம் இலத்தீன் 'சால்வுஸ்', அதாவது ஊறுபடாத, பத்திரமான. 'சேஃப்', 'சால்வேஜ்' இரண்டும் அதே வேரில் கிளைத்தவை. மூழ்குபவரைக் கரையேற்றுவதும், கோல்காப்பாளர் பந்தைத் தடுப்பதும், பணத்தைச் செலவழிக்காமல் வைப்பதும் 'சேவ்' என்றே சொல்லப்படுகின்றன. எல்லாவற்றிலும் கைவிட்டுப் போகவிருந்த ஒன்று காப்பாற்றப்படுகிறது. கணினியிலும் அதுதான் நடக்கிறது. தட்டச்சிட்டது முதன்மை நினைவகத்தில் இருக்கும்வரை, மின்சாரம் நின்றால் போய்விடும். வட்டில் எழுதிய பிறகுதான் தப்பிக்கிறது.

'சேமி'யின் கதையும் ஏறக்குறைய இதுவே. அது 'சேமம்' என்பதிலிருந்து வந்தது, வடமொழியில் 'க்ஷேமம்'. நலம், பாதுகாப்பு என்று பொருள். பழைய கடிதங்களில் 'இவ்விடம் சேமம்' என்று எழுதியது அந்த நலத்தைத்தான். போரில் தேவைப்படுமென்று கைவசம் வைத்திருந்த மாற்றுத் தேர் 'சேமத்தேர்'. பாதுகாப்பைக் குறித்த சொல்லே சேர்த்துவைப்பதையும் குறிக்கும் வளர்ச்சி இரு மொழிகளிலும் தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது. இவ்வளவு பொருந்திவரும் சொல்லை, வேர் வடமொழி என்பதற்காக விட்டுவிட்டுக் 'காத்துவை' என்று புதிதாக ஆக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. 'பதி'யும் வேண்டாம், ஒலிப்பதிவு, பெயர்ப்பதிவு, வலைப்பதிவு என்று அது ஏற்கெனவே சுமக்க முடியாமல் சுமக்கிறது.

'ஸ்டோர்' வேறு வழியில் வந்தது. இலத்தீன் 'இன்ஸ்டௌராரே' புதுப்பித்தலைக் குறித்தது. பழைய பிரெஞ்சில் அது கட்டுவது, வேண்டியதை நிரப்பிவைப்பது என்றானது. மீட்பு என்ற பொருள் அதில் இல்லை.

கணினியின் செயலி ('ப்ராசஸர்') நிறைவேற்றும் 'லோட்', 'ஸ்டோர்' கட்டளைகளைப் பாருங்கள். 'ஸ்டோர்' பதிவகத்தின், அதாவது செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவிடத்தின், மதிப்பை முதன்மை நினைவகத்தில் கொண்டுபோய் வைக்கிறது. மின்சாரம் நின்றால் அந்த மதிப்பும் அழிந்துவிடும். இதைச் 'சேமி' என்றால் மாணவர் நேர்மாறாகவே புரிந்துகொள்வார். 'ஏற்று', 'இருத்து' என்றால் நடப்பது அப்படியே தெரிகிறது. மனத்தில் இருத்து, நினைவில் இருத்து என்பவை எல்லோர் வாயிலும் உள்ள தொடர்கள். நினைவகத்தில் இருத்து என்பது இயல்பாகவே ஒட்டிக்கொள்கிறது.

'ஸ்டோரேஜ்' என்ற பெயர்ச்சொல்லுக்கு 'இருப்பகம்'. 'கையிருப்பு', 'இருப்புக் கணக்கு' என்பவற்றில் சரக்கைக் குறிக்கும் 'இருப்பு' இதற்குத் துணை நிற்கும். 'இருப்பிடம்' என்று குழம்புவார்கள் என்ற தடை எழலாம். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. 'சேமிப்பகம்' ஊன்றிவிட்டது என்பதுதான் வலுவான தடை. பெயர்ச்சொல்லை அப்படியே விட்டாலும், வினைச்சொல்லையாவது பிரித்துக்கொள்வோம்.

கூடவே ஒன்று: 'சேவ் ஆஸ்' என்பதற்கு 'இவ்வாறு சேமி' என்று போடுகிறார்கள். எவ்வாறு என்று கேட்கத் தோன்றுகிறது. 'வேறு பெயரில் சேமி' என்று மாற்றலாமா? கோப்பின் வகையை மட்டும் மாற்றும் இடத்தில் அது பொருந்துமா என்பதில் உங்கள் கருத்து வேண்டும்.