ஓசூரில் ஏரியிலிருந்து மலைக்கு நடக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் மக்களே. ஓசூர் 2019-ல் மாநகராட்சி ஆகிவிட்டது, சிப்காட் பக்கம் கட்டடமாக முளைக்கிறது, நிம்மதியாக நடக்கத்தான் இடம் தேடவேண்டியிருக்கிறது. அதனால் வரும் ஞாயிறு விடியற்காலையில் ராமநாயக்கன் ஏரியில் தொடங்கி, ஊருக்குள்ளேயே நடந்து, சந்திரசூடேஸ்வரர் மலை ஏறி முடிக்கலாம் என்று நாலு பேர் கிளம்புகிறோம்.

மலைக்குப் படியும் உண்டு, வண்டிச்சாலையும் உண்டு, அது தெரியும். நடுவில் உள்ள துண்டுதான் சிக்கல்: நெடுஞ்சாலையில் லாரிகளோடு மல்லுக்கட்டாமல் தெருக்கள் வழியாகவே போக முடியுமா? நாய்த்தொல்லை எந்தத் தெருவில்? அம்மாவும் வருகிறார், முட்டிவலி வேறு, அவருக்குப் படியா சாலையா?

அப்புறம், தண்ணீர் வழியில் கிடைக்குமா? போன மாதம் கிருஷ்ணகிரிக் கோட்டைக்கு ஒரே பாட்டிலோடு ஏறி, வெயிலில் பாறை சுட, நாக்கு வறண்டு இறங்கினோம். நடந்து பார்த்தவர்கள் மட்டும் சொல்லுங்கள், மேப் பார்த்துச் சொல்லவேண்டாம்.