கேபிளை விட்டு ஓடி வந்து, மறுபடி கேபிள் வாசலிலேயே நிற்கிறோமா?

ரிமோட் தொலைத்தவன்:

ஒரு சந்தேகம், கொஞ்சம் புலம்பலும்தான். கேபிளை நிறுத்தியபோது என்னிடம் ஒரே ஒரு ஓடிடி இருந்தது. இப்போது ஐந்து. அதில் இரண்டில் காசும் கட்டி விளம்பரமும் பார்க்கிறேன். போன வாரம் ஒரு தொடரை மூன்றாவது சீசன், ஆறாவது எபிசோடில் நிறுத்திவிட்டுப் படுத்தேன், மறுநாள் வந்து பார்த்தால் தொடரையே காணோம். பெயரைத் தட்டித் தேடினால் 'இதுபோன்றவை' என்று நான் கேள்வியே படாத பத்துப் படங்களைக் காட்டுகிறது. ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. இது வெறும் பேராசையா, இல்லை இந்தத் தொழிலே இப்படி ஆகிவிட்டதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஆன்டெனா:

பேராசை எந்தக் காலத்தில் இல்லை? கேபிள் காலத்தில் பணம் வந்த வழியைப் பார்த்தால்தான் இது புரியும். நீங்கள் கட்டிய மாதக் கட்டணத்திலிருந்து ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு பங்கு போய்க்கொண்டே இருந்தது, அந்தச் சேனலை நீங்கள் ஒருநாளும் திறக்காவிட்டாலும். விளையாட்டே பார்க்காத வீடும் ஈஎஸ்பிஎன்னுக்குப் படியளந்தது. அமெரிக்காவில் உச்சக்கட்டத்தில் சுமார் 10 கோடி வீடுகள் இப்படிக் கட்டின, அதற்கு மேல் விளம்பர வருமானம் வேறு. உட்கார்ந்த இடத்தில் வந்த காசு அது.

2007இல் நெட்ஃபிளிக்ஸ் ஸ்ட்ரீமிங் ஆரம்பித்தபோது, ஸ்டுடியோக்கள் பழைய தொடர்களை அதற்கு விற்றுக் கூடுதலாகக் காசு பார்த்தன. குளத்து மீனைப் போட்டு முதலையை வளர்த்த கதை. 2013இல் அது சொந்தமாக 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரை இறக்கிய பிறகு மெதுவாக விழித்துக்கொண்டு, டிஸ்னி 2019 நவம்பரில் தனிக்கடை போட, மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். அப்போது பங்குச்சந்தை கேட்டதெல்லாம் சந்தாதாரர் எத்தனை பேர் என்றுதான். லாபத்தைக் கேட்க ஆளில்லை, அதனால் நமக்கு மலிவாகக் கிடைத்தது. 2022 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸ் இரண்டு லட்சம் சந்தாதாரர்களை இழந்ததாகச் சொன்னதும் ஒரே நாளில் பங்கு சுமார் 35 சதவீதம் விழுந்தது. இருபது கோடிக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு இரண்டு லட்சம் தூசு! ஆனாலும் அன்றோடு எல்லோரையும் பார்த்து 'லாபம் எங்கே?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நவம்பரிலேயே விளம்பரத்தோடு ஒரு திட்டம், அடுத்த ஆண்டு பாஸ்வேர்டைப் பங்கு போடுகிறவர்கள் மேல் பிடி. மற்றவர்களும் அதே வழியில்தான் போனார்கள்.

இரண்டு தட்டு:

எனக்கு இந்தக் கேபிள் பாசம் ஒத்துவராது. அதை நிறுத்த வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு முக்கால் மணி நேரம் இசை கேட்டவன் நான். ஓடிடியை இரண்டு தட்டில் நிறுத்தலாம். ஒரு மாதத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பார்த்து முடித்ததும் அடுத்ததற்கு மாறுங்கள். ஐந்தையும் சேர்த்துக் கட்டச் சொன்னது யார்?

பழைய ஆன்டெனா:

உங்களை மாதிரித் தாவுகிறவர்களை நினைத்துத்தான் அவர்களுக்குத் தூக்கம் போகிறது. 2024இல் டிஸ்னியும் வார்னரும், ஜென்மப் போட்டியாளர்கள், தங்கள் ஓடிடிகளைச் சேர்த்து ஒரே பில்லில் விற்க ஆரம்பித்தது எதற்கு? மூன்று ஆப் ஒரே கட்டணம் என்றால் ஒன்றுக்காகவாவது நிறுத்தாமல் இருப்பீர்கள். பழைய கேபிள் பொட்டலம்தான், உறை மட்டும் புதிது.

கத்தரி மேசை:

எடிட்டிங் பக்கம் இருக்கிறேன், தொடர் காணாமல் போவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு ஓடிடியில் இருக்கும் எல்லாமே அவர்களுடையது கிடையாது, பாதி வாடகைக்கு எடுத்தவை. கெடு முடிந்தால் இறங்கிவிடும். சொந்தத் தொடரையும் தூக்குவார்கள், ஏனென்றால் மேலே கிடக்கும்வரை எழுத்தாளர், நடிகர்களுக்கு ராயல்டி மாதிரி ஒரு தொகை போய்க்கொண்டிருக்கும். 'வெஸ்ட்வேர்ல்ட்' தொடரைத் தயாரித்ததே ஹெச்பிஓ சேனல், 2022 டிசம்பரில் அதன் ஓடிடியான ஹெச்பிஓ மேக்ஸே அதைத் தூக்கிவிட்டது. அதே ஆண்டு, அதன் தாய் நிறுவனமான வார்னர் 'பேட்கேர்ள்' (Batgirl) என்ற சூப்பர் ஹீரோ படத்தைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டு வெளியிடாமலே மூட்டை கட்டியது. அதில் ராத்திரி பகலாக உட்கார்ந்து வெட்டி ஒட்டியவர்களை நினைத்துப் பாருங்கள்.

வேலை எப்படிச் சுருங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்பு அமெரிக்கச் சேனல்களில் ஒரு சீசன் என்றால் 22 எபிசோட். எழுதிக்கொண்டே இருப்பார்கள், பக்கத்தில் படப்பிடிப்பு நடக்கும், எழுதியவர் செட்டுக்குப் போய் வசனம் எங்கே இடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வார். இப்போது எட்டு அல்லது பத்து எபிசோட். கேமரா வருவதற்குள் எழுத்தாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர் சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். முடிவில் கிடைத்தவற்றில் ஒன்று, ஒரு தொடரை வெளியான முதல் 90 நாளில் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதம் பேருக்குச் சமமான அளவு பார்த்தால் போனஸ் உண்டு. பார்த்த கணக்கே அதுவரை பெரிதாக வெளியே வராத தொழிலில் அது சின்ன விஷயமில்லை.

அடுத்து ஓடும்:

யூடியூபை யாரும் தொடவே இல்லையே! யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அளக்கும் நீல்சன் நிறுவனத்தின் 2025 மே மாதக் கணக்கில், அமெரிக்காவில் டிவி திரையில் பார்த்த நேரத்தில் ஸ்ட்ரீமிங் 44.8 சதவீதம். கேபிளும் சாதாரணச் சேனல்களும் சேர்த்தே 44.2தான். ஒரு மாதம் முழுக்க ஸ்ட்ரீமிங் அந்த இரண்டின் கூட்டையும் தாண்டியது அதுதான் முதல் தடவை. அதில் முதலிடம் யூடியூபுக்கு, 12.5 சதவீதம், நெட்ஃபிளிக்ஸே பின்னால்தான். இத்தனைக்கும் ஸ்டுடியோ, செட், நடிகர் என்று முன்பணம் எதுவும் போடுவதில்லை. வீடியோ போடுகிறவர் தன் செலவில் எடுக்கிறார், விளம்பரம் வந்தால் அதில் 55 சதவீதம் அவருக்கு. என் அப்பா இப்போது சேனல் எண்ணே அழுத்துவதில்லை. ஒரு வீடியோவைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார், அது தானாக அடுத்ததுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

ரிமோட் தொலைத்தவன்:

எல்லோருக்கும் நன்றி. கத்தரி சார் சொன்னதைப் படித்துவிட்டு மறுபடி தேடினேன், தொடர் கிடைத்துவிட்டது! விளம்பரத்தோடு இலவசமாக ஓடும் ஒரு சேனலில். இருபத்துநான்கு மணி நேரமும் அந்தத் தொடர் மட்டும்தான். முன்னால் ஓட்ட முடியாது, பின்னால் போக முடியாது, என்ன ஓடுகிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும். நேற்று முதல் சீசன் இரண்டாவது எபிசோட் போய்க்கொண்டிருந்தது. என் ஆறாவது எபிசோட் எத்தனை மணிக்கு வரும் என்று பேப்பரில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.