கைப்பிடி அரிசி

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம், தாமிரபரணிக் கரை. 2023 டிசம்பர் 17, 18-ஆம் தேதிகளில் வந்த வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் வீட்டுக்குள் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் கட்டில், அரிசி மூட்டை, கிறிஸ்மஸுக்கு எடுத்த புதுத்துணி எல்லாம் சேற்றில் கிடந்தன. அம்மாவின் வேதாகமம் ஊறிப்போய் செங்கல் கனத்துக்கு உப்பியிருந்தது. மாடியில் வைத்து, தாள் தாளாகப் பிரித்துக் காயவைத்தார்கள். சங்கீதப் பக்கங்கள் மட்டும் பிரியவே இல்லை.

இரண்டு நாள் கழித்து நிவாரண அரிசி வந்தது, 5 கிலோ. பக்கத்து வீட்டு மாடியில் அடுப்பு மூட்டி உலை வைத்தோம். அரிசியைக் களைவதற்கு முன் அம்மா ஒரு கை அள்ளி, நெளிந்துபோன சில்வர் டப்பாவில் போட்டார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. கைப்பிடி அரிசி. தினமும் சமைக்கும் முன் கர்த்தருக்கென்று ஒரு பிடி எடுத்துவைத்து, சேர்ந்ததும் கோயிலில் கொண்டுபோய்ப் படைப்பது. எங்கள் வீட்டில் பாட்டி காலத்துப் பழக்கம்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏம்மா, இதே அடுத்தவங்க குடுத்த அரிசி. இதுலயுமா?"

"குடுத்துருக்காங்கல்லா? அப்போ எடுத்து வைக்கணும்லா."

அவ்வளவுதான் சொன்னார்கள். அதற்கு முன்பும் அழுதுகொண்டுதான் இருந்தார்கள், பிறகும் அழுதார்கள். மனம் நிறைந்திருந்தால் நன்றி தானாக வரும் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அன்று அம்மாவின் மனதில் ஒன்றுமே மிச்சமில்லை. ஆனால் கை பழகியிருந்தது. "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" (1 தெசலோனிக்கேயர் 5:18) என்ற வசனத்தை ஞாயிறு பள்ளியில் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். அது எப்படி இருக்கும் என்று அந்த மாடியில்தான் பார்த்தேன்.

*

அக்கா, நீங்கள் சொன்ன கைப்பிடி அரிசி சாட்சியைக் கேட்டேன். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். எனக்கு அப்படி எந்தப் பழக்கமும் கைகொடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் தவறிய பிறகு ஆராதனையில் எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்னும்போது எனக்கு வாயே வராது.

அந்த நாட்களில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா காலை 6 மணிக்கு ஒரு பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆறுதலாக ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஒரு ராத்திரி முழங்கால் போட்டு, ஒன்றும் வராமல், "ஆண்டவரே, காப்பிக்கு ஸ்தோத்திரம்" என்றேன். பல வாரம் அந்த ஒரு வரிதான் என் ஜெபம்.

அப்புறம் வேதாகமத்தில் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகம் 3-ஆம் அதிகாரம் வாசித்தேன். அத்திமரம் துளிர்விடவில்லை, தொழுவத்தில் மாடு இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தானே அவரும் களிகூருகிறார்? போனதை மறைத்துக்கொண்டு நன்றி சொல்ல வேண்டாம் என்று அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் துக்கம். பெரியம்மாவுக்கு இப்போது முட்டுவலி, நடக்க முடிவதில்லை. பிளாஸ்கை என் கையில் கொடுத்து, "6 மணிக்குக் கொண்டு வச்சிரு. சீனி கொஞ்சம் தூக்கலாப் போடு" என்றார்கள்.