சப்போர்ட்டிலிருந்து ப்ராடக்ட் மேனேஜர் ஆக வழி சொல்லுங்கள்

வணக்கம். மாரத்தஹள்ளியில் ஒரு பேமென்ட் கம்பெனியில் கஸ்டமர் சப்போர்ட் டீமைப் பார்த்துக்கொள்கிறேன். ப்ராடக்ட் மேனேஜர் வேலைக்கு, அதாவது ஆப்பில் எதை, எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் வேலைக்கு, மாற வேண்டும். பெங்களூரில் அப்படி மாறியவர்கள் இங்கே இருந்தால் உதவுங்கள்.

இந்த ஆசை வந்ததே புகார்களைக் கேட்டுக் கேட்டுத்தான். கடையில் யுபிஐ-யில் பணம் கட்டுகிறார்கள். கணக்கிலிருந்து பணம் போய்விடுகிறது, கடைக்காரருக்கு உறுதியாவதில்லை. ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி அது 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. ஆப்பில் 'ப்ராசஸிங்' என்று மட்டும் வந்தால் யாருக்குமே பதற்றம்தான். எந்தத் தேதிக்குள் பணம் வரும் என்று அதே திரையில் காட்டினால் அழைப்புகள் நன்றாகக் குறையும் என்று உறுதியாக நம்புகிறேன். பிரச்சினை, தீர்வு, பலனை எதை வைத்து அளப்பது என எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் எஸ்க்யூஎல் ஓரளவு வரும், கோடிங் தெரியாது.

இப்போது கேள்வி: இருக்கும் கம்பெனிக்குள்ளேயே மாற முயல்வதா, வெளியே அசோசியேட் ப்ராடக்ட் மேனேஜர் (தொடக்க நிலை) வேலைக்கு விண்ணப்பிப்பதா? வெளியே ரெஸ்யூமேயில் சப்போர்ட் என்று பார்த்ததுமே ஒதுக்கிவிடுகிறார்கள். எம்பிஏ படிக்க இப்போது வசதி இல்லை.

அப்புறம், யாராவது ஒரு சனி, ஞாயிறில் அரை மணி நேரம் ஒதுக்கி அந்த இரண்டு பக்கத்தைப் படித்து, இன்டர்வியூவில் இது நிற்குமா என்று சொன்னால் பெரிய உதவி. எச்எஸ்ஆர் லேஅவுட், பெல்லந்தூர் பக்கம் என்றால் நானே நேரில் வந்துவிடுகிறேன்.